ரேஸிங் டீம்ல இன்ஜினியரா வேலை எடுக்க ஏலுமா? கொழும்புல இருந்து எப்பிடித் தொடங்கிறது?

பம்பலப்பிட்டி_பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் மொறட்டுவ யூனில மெக்கானிக்கல் மூண்டாம் வருஷம் படிக்கிறன். சின்னனில இருந்தே ஃபோர்முலா வன் பைத்தியம், அப்பாவும் நானும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் டீவிக்கு முன்னால இருந்தா எழும்ப மாட்டம். இப்ப ட்ரெய்னிங் போற நேரம் வந்திட்டுது, எங்கட பெட்ச்ல எல்லாரும் ஒண்டில் கட்டிடத்துக்கு ஏசி போடுற கம்பனி, இல்லாட்டி கார்மென்ட் ஃபெக்டரி மெயின்டனன்ஸ், அதுவும் இல்லாட்டி சொஃப்ட்வெயருக்குத் தாவுறது எண்டுதான் கதைக்கினம். நான் ரேஸிங் டீம் எண்டு வாய் திறந்தா சிரிக்கிறாங்கள்.

கேக்க வேண்டியது இதுதான். இங்க லோக்கல் ரேஸ்ல நிண்டு வேலை பழகினா வெளியில அதை ஒரு அனுபவமா எடுப்பினமா? யூகேல மாஸ்டர்ஸ் செய்யாம போக வழி இருக்கா? யூனில ஃபோர்முலா ஸ்டூடன்ட்ல (யூனி பிள்ளையள் தாங்களே ரேஸ் கார் செய்து போட்டி போடுறது) சேரலாமா எண்டு யோசிக்கிறன், ஆனா ஜிபிஏ அடிவாங்கும் எண்டு சீனியர் ஒராள் பயப்படுத்திப் போட்டா. இன்னுமொண்டு, அம்மாக்கு ரேஸ் எண்டாலே 2024 ஏப்ரல்ல தியத்தலாவைல ஃபொக்ஸ் ஹில் ரேஸ்ல 7 பேர் செத்ததுதான் ஞாபகம் வரும், அதால வீட்டில இந்தக் கதையை எடுக்கவே பயம். பொம்பிளைப் பிள்ளையள் இந்தப் பக்கம் போயிருக்கினமா எண்டும் தெரிஞ்சா சொல்லுங்கோ.

கொட்டாஞ்சேனை_கராஜ்:

தங்கச்சி, நமக்கு கொட்டாஞ்சேனைல கராஜ். சீசன் வந்தா ரெண்டு மூணு பேரோட ரேஸ் கார் நம்மகிட்ட தான் நிக்கும். வெளிநாட்டு கதை நமக்கு தெரியாது, இங்க உள்ளத சொல்றேன்.

இங்க டீம்னா யாரு? ஓட்டுற ஆளு, அவரோட மச்சான், ரெண்டு பாஸ்மாரு (மெக்கானிக்), டயர் தூக்க ஒரு பொடியன். இன்ஜினியர்னு ஒருத்தர் இருக்கவே மாட்டாரு. அதுனால யாரும் ஒங்களுக்கு சம்பளம் குடுக்கவும் மாட்டாங்க, ஆனா நீங்க வந்து நின்னா போன்னு சொல்லவும் மாட்டாங்க, ஏன்னா அங்க செய்ய ஆள் இல்லாத வேல ஒண்ணு கெடக்கு, அது எழுதி வைக்கிறது.

கட்டுக்குருந்தைல சேர்க்கிட் ரேஸ்னு வைங்க. கார் பிட்டுக்குள்ள வந்து நின்ன ஒடனே டயர மூணு எடத்துல ஊசி குத்தி சூடு பாக்கணும், உள்பக்கம், நடு, வெளிப்பக்கம். சும்மா துப்பாக்கி மாதிரி புடிச்சி பாக்குற மீட்டர் மேல் தோல் சூட்ட மட்டுந்தான் காட்டும், ரப்பருக்குள்ள எறங்குற ஊசி தான் சரி. கார் நின்ன கையோட குத்தணும், லேட்டாச்சின்னா ஆறி மூணும் கிட்டக்கிட்ட வந்துரும், அப்புறம் அந்த கணக்குக்கு அர்த்தமே இல்ல. உள்பக்கம் 92, நடு 84, வெளி 70னு வருதுன்னா கேம்பர், அதாவது சில்லு உள்பக்கமா சாஞ்சி நிக்கிறது, கூடிப்போச்சு. நடு மட்டும் ஒசந்து நிக்குதுன்னா காத்து கூட. இத ஓட்டுறவருக்கிட்ட கேட்டா "கார் லூசா இருக்கு பாஸ்"னு மட்டும் சொல்லுவாரு, பின்னால வழுக்குதுன்னு அர்த்தம். எந்த கோர்னர்ல லூசு, பிரேக் புடிக்கும்போதா, கேஸ் குடுக்கும்போதா, அத பிரிச்சி கேட்டு, டயர் சூட்டோட வச்சி பாத்து, அடுத்த ரவுண்டுக்கு ஒண்ணே ஒண்ண மட்டும் மாத்தணும். நம்ம பாஸ்மாரு என்னா செய்வாங்கன்னா காத்தையும் கொறச்சி, பின்னால ஸ்பிரிங்கையும் மாத்தி, டோவையும் (சில்லு உள்ள வெளிய திரும்பி நிக்கிற அளவு) திருப்பி விட்டுருவாங்க, கார் நல்லா ஓடினாலும் எதுனால ஓடுச்சின்னு ஒருத்தருக்கும் தெரியாது. அந்த எடத்துல தான் படிச்ச ஆள் ஒருத்தர் வேணும்.

நாலு சில்லுக்கும் நாலு தராசு வச்சி பாரம் பாக்குறது, டேம்பர (ஷொக் அப்சோர்பர்) கழட்டி உள்ள உள்ள ஷிம் தகடு மாத்துறது, இதெல்லாம் கராஜ்லயே பழகலாம். கையில கிரீஸ் படாம லெப்டொப்போட வந்து நின்னா பாஸ்மாரு மதிக்க மாட்டாங்க, அத மட்டும் இப்பயே சொல்லிர்றேன்.

நுவரெலியா மஹகஸ்தொட்ட ஹில் கிளைம்ப், அனுராதபுரம் கஜபா, இதெல்லாத்துக்கும் போகலாம். ஆனா படிக்கிறதுக்கு சேர்க்கிட் தான் நல்லம், ஒரே ரோட்ட திரும்பத் திரும்ப ஓடுறதுனால மாத்தினது வேல செஞ்சதான்னு தெரியும். ஹில் கிளைம்ப்ல ஒருக்கா ஏறி எறங்குறதுக்குள்ள மழ வந்துரும்.

தோஹா_வெயில்:

கனவு காணுறது நல்லம் தான். ஆனா யாராவது ஒருத்தர் நேரா சொல்லோணும். இலங்கைப் பாஸ்போர்ட்டை வச்சிக்கொண்டு ஃபோர்முலா வன்ல வேலை எண்டுறது லொத்தர் சீட்டு எடுக்கிற மாதிரி. முதல்ல சார்ட்டர்ட் இன்ஜினியர் தகுதி எடுங்கோ, கல்ஃப் பக்கம் வந்து கொஞ்சம் உழைச்சு வீட்டை ஒரு நிலைக்குக் கொண்டு வாங்கோ, பிறகு லுசைல்ல டிக்கட் எடுத்து ரேஸ் பாருங்கோ. நான் அப்பிடித்தான் பாக்கிறன், ஒரு குறையும் இல்லை.

வெள்ளவத்தை_டு_மிட்லண்ட்ஸ்:

தோஹா அண்ணா சொல்றதில விசா பக்கம் உண்மை இருக்கு, அதை மறைக்கிறதில பிரயோசனம் இல்லை. ஆனா லொத்தர் இல்லை அண்ணா. லொத்தரில எடுக்கிற ஆளால ஒண்டும் செய்ய ஏலாது.

தங்கச்சி, நான் இங்க இங்கிலாந்தில ரேஸ் கார்களுக்கு கியர்பொக்ஸ் செய்யிற ஒரு கம்பனில டிசைன் பக்கம் இருக்கிறன். முதல் விஷயம், டீம் எண்டா டீவில காட்டுற அந்த ஹெட்ஃபோன் போட்ட ஆக்கள் மட்டும் இல்லை. ஒரு ஃபோர்முலா வன் டீமில நூற்றுக்கணக்கில ஆக்கள் ஃபெக்டரில இருப்பினம், ரேஸ் நாளில காரோட நேரடியா வேலை செய்யிறதுக்கு விதிப்படி 60 பேர் அளவில தான் விடுவாங்கள். மெர்சிடிஸ் ப்ரெக்லில, ரெட் புல் மில்டன் கீன்ஸ்ல, மெக்லாரன் வோக்கிங்ல, வில்லியம்ஸ் க்ரோவ்ல, எல்லாம் லண்டனில இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள. அங்க வேண்டிய ஆக்கள் ஸ்ட்ரெஸ் அனாலிஸ்ட், கொம்பொசிட், ஹைட்ரோலிக்ஸ், சிஎஃப்டி (காத்து ஓடுறதைக் கொம்பியூட்டரில கணக்கிடுறது), டெஸ்ட் ரிக் ஓட்டுற ஆக்கள், இப்பிடித்தான். ரேஸ் இன்ஜினியர் (ஓட்டுறவரோட ரேடியோவில கதைக்கிற ஆள்) எண்டுற நாற்காலி ஒரு காருக்கு ஒண்டு, பதினொரு டீமுக்கு இருபத்திரண்டு. அதை மட்டும் பாத்து வெளிக்கிடாதைங்கோ.

எங்கட ஆக்கள் யோசிக்காத இன்னொரு சங்கதி இருக்கு. வருஷத்துக்கு 24 ரேஸ் அளவில. ட்ராக்குக்குப் போற வேலை எண்டா ஷெங்கன், அமெரிக்கா, கனடா, சீனா, பிரேசில் எண்டு எங்கட பாஸ்போர்ட்டில ஒவ்வொண்டா விசா எடுக்கோணும், ஒரு விசாக்கு பாஸ்போர்ட்டைக் குடுத்திட்டு இருக்கேக்க அடுத்த கிழமை வேற நாட்டில ரேஸ் இருக்கும். அதால தொடக்கத்துக்கு ஃபெக்டரி வேலைதான் எங்களுக்குப் புத்தி.

அதைவிட ஒரு படி கீழ பாருங்கோ. எக்ஸ்ட்ராக், கொஸ்வேர்த், ஏபி ரேஸிங், மல்டிமெடிக் மாதிரி டீமுகளுக்குச் சாமான் செய்து குடுக்கிற கம்பனியள். ஒரே கியர்பொக்ஸ் கம்பனி லெமான் காருக்கும் ரெலி காருக்கும் செய்து குடுக்கும், ஒரு டீமுக்கு ஸ்பொன்சர் போனாலும் உங்கட வேலை போகாது. ஃபோர்முலா டூ, த்ரீ, ஜிடி டீமுகள் சின்னன், நிரந்தரமா வச்சிருக்கிறது கொஞ்சப் பேர்தான், மிச்சம் எல்லாம் வீக்கென்டுக்கு வந்து போற ஃப்ரீலான்ஸ் ஆக்கள், அதில விசா ஸ்பொன்சர் கிடைக்கிறது கஷ்டம்.

விசா. ஸ்கில்ட் வேர்க்கர் விசாக்கு 2025 ஜூலைல இருந்து பொதுவா வருஷச் சம்பளம் 41,700 பவுண் காட்டோணும், புதுசா படிச்சு முடிச்ச ஆக்களுக்கு 33,400. மாஸ்டர்ஸ் முடிச்சா கிடைக்கிற க்ரெஜுவேட் விசா இப்ப ரெண்டு வருஷம், 2027 ஜனவரி 1ல இருந்து விண்ணப்பிக்கிற ஆக்களுக்கு 18 மாசமாகக் குறையுது. நீங்கள் நாலாம் வருஷம் முடிச்சு வரேக்க இந்தப் புதுக் கணக்குத்தான். ஸ்பொன்சர் லைசென்ஸ் (வெளிநாட்டு ஆக்களை வேலைக்கு எடுக்கிற அனுமதி) இருக்கிற கம்பனி லிஸ்ட்டை யூகே அரசாங்கமே வெப்சைட்டில போட்டிருக்கு, ஒரு இடத்துக்குப் போட முதல் அந்தப் பேர் அதில இருக்கா எண்டு பாருங்கோ. இல்லாத இடத்துக்கு கவர் லெட்டர் எழுதி கண் கெட்டதுதான் மிச்சம் எண்டு எத்தினை பேர்.

மாஸ்டர்ஸ் பற்றி. க்ரான்ஃபீல்ட், ஒக்ஸ்ஃபோர்ட் ப்ரூக்ஸ், சவுத்ஹாம்ப்டன் எல்லாத்துக்கும் பேர் இருக்கு, சாப்பாடு வாடகையோட ஒரு கோடிக்கு மேல போகும். காணி வித்துச் செய்யிறதெண்டா நான் மாட்டன் எண்டுதான் சொல்லுவன். உங்கட மொறட்டுவ டிக்ரி லேசுப்பட்டதில்லை, இன்ஜினியரிங் டிக்ரியளை நாடுகள் ஒண்டையொண்டு ஏற்கிற வொஷிங்டன் எக்கோர்ட்ல இலங்கை 2014ல இருந்து இருக்கு. ஸ்கொலர்ஷிப் கிடைச்சா வாங்கோ. இல்லாட்டி ரெண்டு வருஷம் ஊரில டிசைன் வேலை செய்து கையில ஏதும் காட்டுறதுக்கு வச்சுக்கொண்டு வாங்கோ.

ஃபோர்முலா ஸ்டூடன்ட்ல கட்டாயம் சேருங்கோ, ஜிபிஏ கொஞ்சம் இறங்கினாலும் பரவாயில்லை (கொஞ்சம் எண்டுதான் சொன்னன், செக்கன்ட் அப்பரை விட்டுப் போடாதைங்கோ). மொறட்டுவப் பெடியள் முந்தி சில்வர்ஸ்டோன் வரைக்கும் கார் கொண்டு வந்திருக்கினம். அங்க கார் வேகமா ஓடினா மட்டும் காணாது, டிசைன் ஜட்ஜஸ் வந்து நிண்டு ஒவ்வொரு சாமானையும் காட்டி ஏன் எண்டு கேப்பினம். காத்து எல்லாம் 20 மில்லிமீட்டர் ஓட்டைக்குள்ளால தான் இஞ்சினுக்குப் போகோணும் எண்டு விதி, அப்ப அந்த இன்டேக்கை ஏன் இந்த வடிவத்தில செய்தனி, அளந்து பாத்தியா, சிமுலேஷன் சொன்னதுக்கும் அளந்ததுக்கும் எவ்வளவு வித்தியாசம்? எனக்கு வேலை இன்டர்வியூல கேட்டதும் அதே மாதிரித்தான். என்ர போர்ட்ஃபோலியோல இருந்த ஒரு ப்ரெக்கட் படத்தைத் திருப்பி வச்சிட்டு "இதில ஏன் எம்8 போல்ட், எம்6 போட்டா என்ன நடக்கும்?" எண்டு கேட்டிட்டு பேப்பரும் பேனையும் தந்திட்டினம். அரை மணித்தியாலம் அந்த ஒரு போல்ட்டிலயே போச்சுது. எவ்வளவு காலமா ரேஸ் பாக்கிறன், எவ்வளவு ஆசை எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. சீவில அந்த வசனத்தை எடுத்து விடுங்கோ, வாற எல்லாருக்கும் ஆசைதான்.

பொம்பிளையள் இருக்கினம். ஹாஸ் டீமில 2025ல எஸ்தபான் ஒக்கோனுக்கு ரேஸ் இன்ஜினியரா வந்த லோரா முல்லர்தான் ஃபோர்முலா வன்ல முழுநேர ரேஸ் இன்ஜினியரான முதல் பொம்பிளை. ரெட் புல்லில ஸ்ட்ரட்டஜி பாக்கிற ஹன்னா ஷ்மிட்ஸை உங்களுக்கே தெரியும். கூட இல்லை. எங்கட டிசைன் ஒஃபிஸ்லயும் நாங்கள் கொஞ்சப் பேர்தான், டொய்லட் க்யூ இல்லை எண்டுறது ஒரு லாபம்.

மட்டக்குளி_தல:

ஏன் எல்லாரும் வெள்ளக்காரன் டீம்யே பாக்குறீங்க, அஜித் சார் டீம் இருக்கே? துபாய் 24 அவர்ஸ்ல மூணாவது வந்தாங்க. தமிழ்லயே பேசி வேல கேக்கலாம் 😀

வெள்ளவத்தை_டு_மிட்லண்ட்ஸ்:

தம்பி பகிடிக்குக் கேட்டாலும் இது நல்ல கேள்வி. 2025 ஜனவரில துபாயில 992 க்ளாஸ்ல (போர்ஷே 911 ரேஸ் கார்களுக்கான பிரிவு) மூண்டாமிடம் வந்த அந்தக் காரை ஓடவிட்டது பாஸ் குட்டன் ரேஸிங் எண்ட நெதர்லாந்து டீம். பேரும் ஸ்பொன்சரும் ஒருத்தற்ற, மெக்கானிக், இன்ஜினியர், லொறி, டூல் எல்லாம் இன்னொருத்தற்ற. ஜிடி ரேஸிங்ல இது சாதாரணம். அப்ப வேலை கேக்கிறதெண்டா காரில ஒட்டியிருக்கிற பேரிட்ட இல்லை, பிட்டில ஸ்பேனர் பிடிக்கிற கம்பனிட்ட.

கொட்டாஞ்சேனை_கராஜ்:

தமிழ்ல பேசணும்னா சென்னைக்கு போங்க. இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குல எம்ஆர்எஃப் ரேஸ் வீக்கென்டுக்கு நம்மளும் போயிருக்கோம், பிட்டுல மெக்கானிக்மாரு முக்காவாசி தமிழ் தான், கேட்டா பொறுமையா சொல்லிக் குடுக்குறாங்க. கோயம்புத்தூர் கரி ட்ராக்குல ஃபோர்முலா பாரத்னு காலேஜ் புள்ளைங்க கார் போட்டியும் நடக்குது. பாத்துட்டு வர்றது வேற, காசுக்கு வேல செய்யிறது வேற, அதுக்கு விசா வேற, அத மனசுல வைங்க.

தெமட்டகொட_டேட்டா:

நான் மெக்கானிக்கல் இல்ல, சொஃப்ட்வெயர். ஒங்கட பெட்ச்ல சொஃப்ட்வெயருக்கு தாவுறவங்கள பாத்து சிரிக்க வாணாம், ரேஸிங்ல இப்ப அவங்களுக்கும் நெறைய வேல ஈக்கிது. 2026 விதில மின் மோட்டர்ட பவர் 120 கிலோவொட்ல இருந்து 350க்கு போயிட்டு, எக்ஸோஸ்ட் சூட்டுல கரன்ட் எடுக்குற எம்ஜியூ-எச்ச தூக்கிட்டாங்க. பெட்டரில ஈக்கிற கரன்ட்ட ரவுண்டுல எந்த எடத்துல செலவழிக்கிற, எங்க திருப்பி சார்ஜ் பண்ற எண்டுறது முழுக்க கொன்ட்ரோல் கணக்கு. மெட்லெப் சிமுலிங்க் தெரிஞ்ச மெக்கானிக்கல் ஆளுக்கு நல்ல டிமான்ட்.

காசில்லாம இண்டைக்கே ஒண்டு செய்யலாம். பைதன்ல ஃபாஸ்ட்எஃப்வன் எண்டு ஒரு லைப்ரரி ஈக்கிது, சும்மா டவுன்லோட் பண்ணலாம், 2018ல இருந்து ஃபோர்முலா வன் லெப் டைம் (ஒரு ரவுண்டு ஓடுற நேரம்), டயர், ஸ்பீட், த்ரொட்டில் எல்லாம் வரும். ஒரு ரேஸ எடுத்து ஒவ்வொரு டயருக்கும் ஒரு லெப்புக்கு எவ்வளவு நேரம் கூடுது எண்டு கோடு போடுங்க. போட்டா முதல்ல டயர் தேயவே இல்லாத மாதிரி, சில நேரம் டைம் கொறயிற மாதிரியும் காட்டும், ஏன் எண்டா பெற்றோல் எரிஞ்சி கார் லேசாகி வருது. 10 கிலோ கொறஞ்சா லெப்புக்கு 0.3 செக்கன் அளவுல லாபம், அத கழிச்சி பாத்தாத்தான் உண்மையான தேய்மானம் வெளில வரும். அதுக்கு பொறகு சேஃப்டி கார் வந்து எல்லாரும் மெதுவா போன லெப், முன்னால ஆள் மறிச்ச லெப் எல்லாத்தயும் கழிக்கணும், அங்க தான் மண்ட காயும். இத செஞ்சி, என்ன எடுத்துக்கொண்டேன், எது சரி வரல்ல எண்டு ரெண்டு பக்கம் எழுதி கிட்ஹப்ல போட்டா சீவில ஒரு வரியா வைக்கலாம்.

ட்ரைவர்ட டேட்டா பழக ஆச எண்டா மோடெக் ஐ2 சொஃப்ட்வெயர் ஃப்ரீ. அசெட்டோ கோர்சா கொம்பெட்டிசியோன் கேம்ல ஓடிட்டு அந்த டேட்டாவ அதுலயே தொறந்து பாக்கலாம், நெசமான டீம்களும் பாவிக்கிற சாமான் தான். கராஜ் அண்ணன்ட டயர் நம்பர்களயும் சேத்து எழுதினா எங்கட யூனி பொடியன்கள்ல ஒருத்தர்ட்டயும் இல்லாத ஒரு ப்ரொஜெக்ட் ஒங்கள்ட ஈக்கும்.

பம்பலப்பிட்டி_பிள்ளை:

எல்லாருக்கும் பெரிய நன்றி, இவ்வளவு வரும் எண்டு நினைக்கேல்லை. அக்கா, ஒரு கோடி எங்கட வீட்டில இல்லை, அதால மாஸ்டர்ஸை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறன். ஃபோர்முலா ஸ்டூடன்ட் டீம் மீட்டிங் அடுத்த கிழமை, சஸ்பென்ஷன் பக்கம் கேக்கப்போறன். ஃபாஸ்ட்எஃப்வன் நேற்று ராத்திரி போட்டுப் பாத்தன், சொன்ன மாதிரியே முதல் கோடு தலைகீழாத்தான் வந்துது. கராஜ் அண்ணா, உண்மையாவே வரலாமா? சனிக்கிழமையில எண்டா எனக்கு லெக்சர் இல்லை.

மெல்பேர்னில சித்தப்பா இருக்கிறார், அங்க ஏதும் இருக்கா எண்டு யாருக்கும் தெரியுமா?

டண்டினோங்_அண்ணா:

மெல்பேர்ன் எண்டா மொனாஷ் யூனி. அவங்கட ஃபோர்முலா ஸ்டூடன்ட் டீமுக்கு உலகம் முழுக்கப் பேர், கார்ல பெரிய பெரிய விங் பூட்டி அதை எல்லாருக்கும் முதல் ஒழுங்கா ஆராய்ஞ்ச கூட்டத்தில அவங்களும் ஒண்டு. ஆர்எம்ஐடி யூனியும் நல்லம். வேலைக்கு இங்க சுப்பர்கார்ஸ் (ஒஸ்ரேலியாவின்ர பெரிய கார் ரேஸ் தொடர்) டீமுகள் இருக்கு, சின்ன டீமுகள் தான், ஒரே ஆள் டேட்டாவும் பாத்து டேம்பரும் கழட்டி லொறியும் ஏத்தோணும். ரிசர்ச் மாஸ்டர்ஸ், பிஎச்டி எண்டா ஸ்கொலர்ஷிப்போட வாற எங்கட பிள்ளையள் கனபேர், மொறட்டுவ ஃபர்ஸ்ட் க்ளாஸ் எண்டா கேட்டுப் பாருங்கோ. கோர்ஸ்வேர்க் மாஸ்டர்ஸ் எண்டா யூகே மாதிரியே காசு பிடுங்கும். சித்தப்பா வீட்டில இருந்தா வாடகை மிச்சம், ஆனா மொனாஷ் க்ளேய்டன்ல, அவர் மேற்கில வெரிபி பக்கம் எண்டா தினமும் ட்ரெயின்லயே காலம் போயிடும், முதல்ல அதைக் கேளுங்கோ.

கொட்டாஞ்சேனை_கராஜ்:

வாங்க தங்கச்சி. சனிக்கிழம காலைல எட்டு மணிக்கு தொறப்போம். அம்மாவையும் ஒருக்கா கூட்டிட்டு வாங்க, நம்ம வீட்டுக்காரியும் அங்க தான் கணக்கு பாக்குறா, அவகிட்ட பேசினா பயம் கொஞ்சம் போகும். பிட்டுல நிக்கிற ஆளுக்கு எங்க நிக்கணும், எங்க நிக்கக் கூடாதுன்னு நாங்க தான் மொதல்ல சொல்லிக் குடுப்போம். இப்ப ஒரு லான்சர் நிக்கிது, முன்னாடி டேம்பர் ரெண்டும் கழட்டணும். பழைய உடுப்பு போட்டுட்டு வாங்க, செருப்பு வேணாம், ஷூ.